நூற்றுக்கு எத்தனை ரூபாய்? நாலைந்து கடன்களை ஒரே நோட்டில் வைத்து அடைக்கும் வழி

எங்கள் வீட்டுக் கடன் மொத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் நான்கு வருடம் ஓடியது. ஆனால் யாருக்கு என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மனப்பாடம். 5-ம் தேதி பைக் டியூ, 10-ம் தேதி சீட்டு, 12-ம் தேதி பக்கத்துத் தெரு அக்காவுக்கு வட்டி, 18-ம் தேதி கிரெடிட் கார்டு. வாசலில் வந்து நிற்கிறவருக்கு முதலில் கொடுப்பேன், போன் செய்கிறவருக்கு அடுத்து, எதுவுமே கேட்காத மச்சானுக்குக் கடைசியில். இப்படி மானத்துக்குப் பயந்து கட்டினால் கடன் குறையவே குறையாது. சத்தமாகக் கேட்கிற கடன் ஒன்று, அதிகமாகத் தின்கிற கடன் இன்னொன்று. எங்கள் வீட்டில் அதிகம் தின்றுகொண்டிருந்தது, மாதம் ஒரு முறை மரியாதையாக எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த கார்டுதான்.

மாதச் சம்பளத்தில், நாலைந்து சின்னக் கடன்களோடு ஓடும் குடும்பத்துக்கானது இது. வீட்டுக் கடனும் தொழில் கடனும் வேறு கதை, அவற்றை இங்கே தொடவில்லை.

படி 1: இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவது

எக்செல் எல்லாம் வேண்டாம், பிள்ளையின் பழைய நோட்டு போதும். ஆனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். நாங்கள் உட்கார்ந்த அன்று நான் ஆறு கடன் எழுதி முடித்து பேனாவை மூடினேன். "ஏங்க, குழு லோனை எழுதலையே, இன்னும் பதினாலு வாரம் இருக்கு" என்றாள் மனைவி. அப்படி ஒரு லோன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளையின் பள்ளிக்கூட பீஸுக்காக வாங்கியிருந்தாள். நான் அவளிடம் சொல்லாத கைமாத்து ஒன்றும் இருந்தது. சரி, ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டையும் எழுதிவிட்டு டீ போட்டுக் குடித்தோம்.

ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: யாருக்கு, அசலில் பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், இன்னும் எத்தனை மாதம், ஈடாக என்ன கொடுத்திருக்கிறோம். ஈடு என்றால் நகை, புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட காசோலை, ஆர்.சி. புத்தகம் எல்லாம் சேர்த்துத்தான். எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பது பிறகு மிகவும் தேவைப்படும்.

விட்டுப்போகிற கடன்களைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய தளத்திலேயே எடுங்கள், இதற்குக் காசு கேட்கும் ஆப் எதுவும் தேவையில்லை. எப்போதோ தவணையில் வாங்கிய போனின் பாக்கி 400 ரூபாய்கூட அதில் நிற்கும்.

இன்னும் இரண்டை எழுத மறக்காதீர்கள். ஒன்று சீட்டு. ஏலத்தில் இன்னும் எடுக்காத சீட்டு சேமிப்பு, எடுத்துவிட்ட சீட்டு கடன். எடுத்தாயிற்று என்றால் மிச்சமுள்ள தவணைகள் அத்தனையும் கடன் பக்கத்தில் வர வேண்டும். இன்னொன்று மொய் நோட்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கிற ஊர்களில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, அங்கே மொய் என்பதே வட்டியில்லாக் கடன்தான். மற்ற ஊர்களில் அதைக் கடன் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் வீட்டு விசேஷத்துக்கு 2,000 செய்தவருக்குத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். அடுத்த ஒரு வருடத்தில் யார் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று பார்த்துத் தோராயமாக ஒரு தொகை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எல்லாவற்றையும் 'ரூபாய் வட்டி'யாக மாற்றுவது

இந்தப் படிதான் முக்கியம், இதைத் தாண்டிவிட்டால் மிச்சம் தானாக ஓடும். வங்கி வருட சதவீதம் பேசுகிறது, கார்டு மாத சதவீதம் பேசுகிறது, தினமும் வசூலிக்கும் தண்டல்காரர் நாளுக்கு நூறு என்கிறார், பைனான்ஸில் 'ஃப்ளாட்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசினால் எது கொள்ளை என்று எப்படித் தெரியும்? நமக்குப் பழகிய அளவுகோல் ஒன்று இருக்கிறது: மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய். எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.

வங்கி வட்டி சுலபம், 12-ஆல் வகுத்தால் போதும். 9.6 சதவீத நகைக் கடன் 80 காசு வட்டி. 16 சதவீத பர்சனல் லோன் 1 ரூபாய் 33 காசு வட்டி.

ஃப்ளாட் வட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1,00,000 ரூபாயை 12 சதவீத ஃப்ளாட்டில் 2 வருடத்துக்கு வாங்கினால் வட்டி 24,000, மாத டியூ 5,167. கேட்டால் 1 ரூபாய் வட்டி போலத் தெரியும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடம் சுமார் 21.6 சதவீதம், அதாவது 1 ரூபாய் 80 காசு வட்டி. ஃப்ளாட் என்று சொன்னால் ஏறக்குறைய 1.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து தண்டல். 10,000 ரூபாய் கடன், 1,500 பிடித்தது போகக் கையில் 8,500, நாளுக்கு 100 வீதம் 100 நாள். "ஆயிரத்தைந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம், பாதி நாளில் பாதிப் பணம் நம் கையில் இல்லை. சரியாகப் போட்டால் இது 10 ரூபாய் வட்டி, வருடத்துக்கு 120 சதவீதம்.

கடைசியாக கிரெடிட் கார்டு. பெரும்பாலான கார்டுகளில் பாக்கி நின்றால் மாதம் 3 முதல் 3.75 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 3.5 சதவீதம் என்று வைத்தால் 4 ரூபாய் 13 காசு வட்டி. போன மாத பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் இந்த மாதம் வாங்கும் புதுப் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பக்கத்துத் தெரு அக்கா எங்களிடம் வாங்கியது 2 ரூபாய் வட்டி. அவரைத்தான் நாங்கள் வீட்டில் 'வட்டிக்காரி' என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மாற்றி முடித்ததும் வட்டி அதிகமுள்ளதை மேலே வைத்து மறுபடி ஒரு பட்டியல் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் தண்டல், கார்டு, குழு லோன், அக்கா, பைக், நகைக் கடன், மச்சான் என்று வந்தது. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

படி 3: ஓட்டையை அடைப்பது

அடைக்கும் காலத்தில் புதுக்கடன் கிடையாது. பண்டிகைச் சலுகை, வட்டியில்லாத் தவணை, 'உங்களுக்கு 3 லட்சம் முன் அனுமதி' என்று வரும் மெசேஜ் எதுவும் வேண்டாம். கார்டை வெட்டிப் போடச் சொல்வார்கள் சிலர். வெட்டினாலும் கணக்கு உயிரோடுதான் இருக்கும், ஆப்பில் நம்பர் தெரியும். வங்கி ஆப்பிலேயே ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வைப்பதுதான் வேலை செய்கிறது.

பிறகு யுபிஐ. பாக்கெட்டில் நோட்டு இருந்த காலத்தில் அது தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியும். இப்போது டீக்கடையில் 'டிங்' என்ற சத்தம்தான். எங்களுக்குக் கைகொடுத்தது இது: சம்பளக் கணக்கை யுபிஐ ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு, சும்மா கிடந்த இன்னொரு வங்கிக் கணக்கை இணைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் 2,500 ரூபாய் போடுவோம், அடுத்த ஞாயிறு வரை அவ்வளவுதான். வியாழக்கிழமையே 90 ரூபாய்க்கு வந்து நின்ற வாரங்கள் உண்டு. அந்த வாரம் ரசமும் அப்பளமும்.

டியூ தேதிகளையும் பாருங்கள். சம்பளம் 7-ம் தேதி, ஆட்டோ டெபிட் 5-ம் தேதி என்றால் மாதாமாதம் பவுன்ஸ் ஆகும். வங்கி ஒரு பக்கம் அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் போடுவார். தேதியை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள்.

படி 4: விலை கூடின கடனை விலை குறைந்த கடனாக மாற்றுவது

எங்கள் கார்டு பாக்கி 72,000. மாதம் 4,000 கட்டி வந்தோம். அதில் வட்டியும் ஜி.எஸ்.டி.யுமாக 2,970 ரூபாய் போய்விடும், அசலில் குறைவது ஆயிரத்துச் சொச்சம். அப்படியே போனால் முடிய 34 மாதம், மொத்தம் கட்டுவது 1,34,000 ரூபாய். அதே 72,000-ஐ 80 காசு வட்டிக்கு நகைக் கடனாக வாங்கி கார்டை ஒரே அடியாக அடைத்துவிட்டு, அதே 4,000-ஐ நகைக் கடனில் கட்டினால் 20 மாதத்தில் முடிகிறது, மொத்தம் 78,000 ரூபாய். பீரோவில் தூங்கிய ஒரு செயின் 56,000 ரூபாயை மிச்சப்படுத்தியது.

இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். முதலாவது, நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, மறுபடி கார்டைத் தேய்ப்பது. அப்போது இரண்டு கடன். இரண்டாவது, வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பது. பத்து வருடமாக வங்கியிலேயே குடியிருக்கும் வளையல்கள் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கின்றன! அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று வைக்கும்போதே கேட்டு, சம்பள நாளிலேயே கட்டிவிடுங்கள். 12 மாதக் கடன் என்றால் ஒரு முறை மாற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும், அப்போது பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும். மூன்றாவது, அதிகம் வாங்குவது. 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. தரலாம் என்பதற்காக வாங்க வேண்டும் என்பதில்லை.

அடகுக் கடையில் 2 ரூபாய் வட்டிக்கு நகை இருந்தால் அதை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுவதே பெரிய லாபம். மீட்பதற்கு ஒரே ஒரு நாள் கைமாத்து தேவைப்படும். அதற்கு மச்சானைக் கேட்கலாம், காலையில் வாங்கி மாலையில் கொடுத்தால் அவருக்கே நம்பிக்கை கூடும். எங்களுக்குக் கூடியது.

எடுக்காத சீட்டு இருந்தால், ஏலத்தில் பெரிய தொகையை விட்டுக்கொடுத்து (அதுதான் தள்ளு) அவசரப்பட்டு எடுக்காதீர்கள். தள்ளு குறைந்த பிறகு எடுத்து, அந்தத் தொகையை மொத்தமாகப் பட்டியலின் மேலே உள்ள கடனில் போடுங்கள்.

நகையும் சீட்டும் இல்லாதவர்கள், 4 ரூபாய் கார்டு கடனை 1 ரூபாய் 33 காசு பர்சனல் லோனாக மாற்றினாலும் லாபம்தான். பரிசீலனைக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். லோன் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். போன் தொடர்புகளையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் என்றால், எந்த அவசரத்திலும் வேண்டாம்.

படி 5: வரிசையாக அடிப்பது

எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தவணையை மட்டும் கட்டுங்கள். மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் பட்டியலில் முதலில் இருக்கும் கடனுக்கு. அது முடிந்ததும் அதன் தவணைத் தொகை அப்படியே இரண்டாவதோடு சேரட்டும். சிறிய கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் ஒரு விதிவிலக்கு: 400 ரூபாய், 1,500 ரூபாய் என்று தொங்குகிற பாக்கிகளை முதல் மாதமே துடைத்துவிடுங்கள். நோட்டும் மண்டையும் லேசாகும்.

அக்காவின் கடன் மாதிரி கைவட்டிக் கடனில் வேறு ஒரு சிக்கல். 1,00,000 அசலுக்கு மாதம் 2,000 என்று 4 வருடத்தில் 96,000 கொடுத்திருந்தோம், அசல் அப்படியே நின்றது. "அசலை மொத்தமா குடுப்பா, பிச்சுப் பிச்சு வேண்டாம்" என்பது அவர் வாதம். அவருக்கு அது ஓய்வூதியம் மாதிரி. 25,000 சேர்ந்ததும் மனைவியோடு போய், "அக்கா, இனி இதுக்கு வட்டி குறைச்சுக்கோங்க" என்று கையில் கொடுத்தோம். முகம் சுளித்தாலும் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதி வாங்கினோம். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மாத வட்டி 500 குறைந்தது.

மச்சானுக்கு வட்டி இல்லை, ஆகவே கடைசி. ஆனால் கடைசி என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். "மச்சான், அடுத்த ஆவணிக்குள்ள ஆரம்பிச்சு மாசம் ஐயாயிரமா தர்றேன்" என்று நாமே தேதி சொன்னால் உறவு கெடாது. பதுங்கினால்தான் கெடும்.

படி 6: செலவை எங்கே வெட்டுவது

சிக்கனம் என்றதும் டீயை நிறுத்துவார்கள். நானும் நிறுத்தினேன், மாதம் 450 மிச்சம், நாள் முழுக்க எரிச்சல். கூடவே பைக் சர்வீஸையும் தள்ளிப்போட்டேன். ஆயில் மாற்றாமல் ஓட்டி இன்ஜின் வேலை 7,800 ரூபாய்க்கு வந்து நின்றது. அதிலிருந்து டீயையும் சர்வீஸையும் தொடுவதில்லை. மருந்து, காப்பீடு, பிள்ளைகளின் சாப்பாடு மூன்றிலும் கை வைக்கக்கூடாது.

பெரிய துண்டுகளாகப் பார்த்து வெட்ட வேண்டும். எங்களுக்கு மூன்று கிடைத்தன. பள்ளி வேனை நிறுத்திவிட்டு, ஆபீஸ் போகும் வழியில் நானே பிள்ளையை விட்டேன். தீபாவளிக்குப் பெரியவர்களுக்குப் புதுத்துணி இரண்டு வருடம் இல்லை. மொய்யில், நமக்குச் செய்தவர்களுக்கு மட்டும் செய்தது செய்தபடி. மற்ற பத்திரிகைகளுக்கு நேரில் போய் வாழ்த்திவிட்டு 200 ரூபாய். முதல் கல்யாணத்தில் கவர் கொடுக்கும்போது கை கூசியது உண்மை. அதற்குப் பிறகு பழகிவிட்டது, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

மளிகையில், ரேஷனைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வெளியே எங்கே கிடைக்கும்? ரேஷன் அரிசியை ஊறவைத்து இட்லி மாவுக்குப் போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மின்சாரத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் பெண்ணுக்கு வந்துவிட்டது.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மக்கள் மருந்தகத்தில் அதே மூலப்பொருள் மாத்திரையை வாங்கலாம். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். நம் பக்கம் கடன்களில் பாதி ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். அதற்காகவே, கடன் ஓடும்போதும் அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 500 போட்டு வந்தோம். வட்டிக் கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் அம்மா வழுக்கி விழுந்த அன்று மறுபடி தண்டலுக்குப் போகாமல் காப்பாற்றியது அந்தப் பணம்தான்.

படி 7: நெருக்குகிறவர்களைச் சமாளிப்பது

கட்ட முடியாத மாதம் வரும் என்று தெரிந்தால், தவறிய பிறகு ஒளிவதைவிட முன்பே வங்கிக்கு எழுதிக் கேட்பது நல்லது. தவணைக் காலத்தை நீட்டித் தர வாய்ப்பு உண்டு. பாதி கட்டி 'செட்டில்மென்ட்' செய்யலாம் என்று வசூல்காரர் ஆசை காட்டுவார். கடன் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று பதிந்து, அடுத்த கடனுக்குப் போகும்போது முட்டுக்கட்டையாக நிற்கும். வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

வங்கி, பைனான்ஸ் நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அவமானப்படுத்துவதும் சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வதும் கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம், உதவி எண் 14448. லோன் ஆப் மிரட்டல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. கந்து வட்டி, மீட்டர் வட்டிக்காரர்கள் மிரட்டினால் 2003-ல் அதற்கென்றே வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. இரவில் தூக்கம் இல்லாமல் மனசு தவறான பக்கம் போனால் 104 அல்லது 14416-ல் பேசுங்கள், கடன் கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நெருக்கடியிலும் வெற்றுக் காசோலையிலோ வெற்றுப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், படி 1-ல் எழுதியபடி அது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு அந்தக் கடனை வரிசையில் ஓர் இடம் முன்னே தள்ளுங்கள்.

படி 8: காகிதத்தைத் திரும்ப வாங்குவது

கடைசித் தவணை கட்டிய சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புரோநோட்டு, காசோலை இரண்டையும் அன்றைக்கே கையில் வாங்க வேண்டும். அக்கா புரோநோட்டைத் தேடி எடுக்க இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து வாங்கி வந்தோம். நகையைக் கடன் முடிந்த அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்களுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று புது விதி சொல்கிறது. வாங்கும்போது எடை போட்டு, ரசீதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

வங்கிக் கடனுக்கு 'பாக்கி இல்லை' என்ற என்.ஓ.சி. கடிதம் வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து 'குளோஸ்டு' என்று வந்திருக்கிறதா பாருங்கள், வராவிட்டால் அந்தக் கடிதத்தை வைத்துத் திருத்தச் சொல்லலாம். பைக் கடன் என்றால் என்.ஓ.சி.யோடும் படிவம் 35-ஓடும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆர்.சி.யில் இருக்கும் பைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வண்டியை விற்கப் போய், வாங்குகிறவர் ஆர்.சி.யைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது. அதற்குள் என்.ஓ.சி. கடிதம் காலாவதியாகி, மறுபடி அந்த பைனான்ஸ் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.